மூடிய லேப்டாப்பில் டோரண்ட் ஓடுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திரை போன பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு, வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலம் நுழைகிறேன். எங்கள் ஊர் படிப்பகக் கணினிகளுக்காக லினக்ஸ் ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் நகல்) கோப்புகளை டோரண்ட்டில் இறக்கி வைக்க வேண்டும். அதற்குப் பின்னணியில் ஓடும் டோரண்ட் நிரலான டிரான்ஸ்மிஷன்-டீமன் நிறுவினேன். செட்டிங்ஸை எத்தனை முறை மாற்றினாலும் பழையபடி ஆகிவிடுகிறது. யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் எழுதச் சொன்னால் 'பெர்மிஷன் டினைடு' என்கிறது. மூடியை மூடினால் எல்லாமே நின்றுவிடுகிறது.
– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: திரை போனதைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கிறீர்களே, சபாஷ். பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தால் யுபிஎஸ் செலவும் மிச்சம்.

செட்டிங்ஸ் விஷயம் இதுதான். டிரான்ஸ்மிஷன் ஓடும்போது அமைப்புகளையெல்லாம் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். நிற்கும்போது அவற்றைக் கோப்பின் மேல் எழுதிவிட்டுத்தான் போகும். நீங்கள் கோப்பைத் திருத்திவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்திருப்பீர்கள். ரீஸ்டார்ட்டின் முதல் வேலையே நிறுத்துவதுதானே? அங்கேயே உங்கள் திருத்தம் போச்சு. எனவே முதலில் சர்வீஸை நிறுத்துங்கள். அப்புறம் 'ஈடிசி' டைரக்டரிக்குள் டிரான்ஸ்மிஷன்-டீமன் என்பதில் இருக்கும் செட்டிங்ஸ்.ஜேசன் கோப்பைத் திருத்துங்கள். சேமித்த பிறகு சர்வீஸைத் தொடங்குங்கள்.

அந்தக் கோப்பைத் திறந்த கையோடு இன்னும் இரண்டைப் பார்த்துவிடுங்கள். டிரான்ஸ்மிஷனை பிரவுசரில் திறக்க, டெபியனில் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே 'டிரான்ஸ்மிஷன்' என்றுதான் வரும். ஊருக்கே தெரிந்த பூட்டு அது, மாற்றுங்கள். புதியதைச் சாதாரண எழுத்திலேயே போடலாம். அடுத்த முறை திறக்கும்போது அந்த இடத்தில் நெளிவு அடைப்பில் தொடங்கும் நீளமான புரியாத சரம் இருக்கும். நிரலே அப்படி மாற்றி வைத்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம். இன்னொன்று ஆர்பிசி-ஒயிட்லிஸ்ட், எந்த முகவரிகளிலிருந்து உள்ளே வரலாம் என்ற பட்டியல். முதலில் அதில் 127.0.0.1, அதாவது அந்த லேப்டாப் மட்டுமே இருக்கும். போனின் பிரவுசரில் டிரான்ஸ்மிஷனின் 9091 போர்ட்டைத் (நெட்வொர்க் வாசலைத்) திறந்தால் 403 (அனுமதி இல்லை) என்று முகத்தில் அடிப்பது அதனால்தான். கமா போட்டு உங்கள் வீட்டு நெட்வொர்க்கையும், உதாரணமாக 192.168.1.* என்று, சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். பெரும்பாலும் இங்கேதான் ஆட்கள் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். இந்த நிரல் உங்கள் பெயரில் ஓடவில்லை, 'டெபியன்-டிரான்ஸ்மிஷன்' என்ற தனிப் பயனராக ஓடுகிறது. டெஸ்க்டாப் தானாக மவுண்ட் செய்த (ஒரு டைரக்டரியாக இணைத்த) டிஸ்க் 'மீடியா'வுக்குள் உங்கள் பெயரில் உள்ள டைரக்டரியில் இருக்கும். அந்த வாசலுக்குள் உங்களைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. உள்ளே போய் 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) கொடுத்தாலும் பயனில்லை, தயவுசெய்து கொடுக்கவும் வேண்டாம். பூட் ஆகும்போது எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுதி டிஸ்க்கை 'எஸ்ஆர்வி'க்குள் மவுண்ட் செய்யுங்கள். அந்த வரியில் 'நோஃபெயில்' என்பதையும் சேருங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் செருகாத நாளில் லேப்டாப் பூட் ஆகாமல் நின்றுவிடும். திரை இல்லாத உங்களுக்கு அது ஏன் என்றுகூடத் தெரியாது. பிறகு உரிமையாளரை மாற்றும் சோன் (chown) கட்டளையால் டவுன்லோடு டைரக்டரியை அந்தப் பயனருக்கு உரிமையாக்குங்கள். டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால் சோன் எடுபடாது. அப்போது எஃப்எஸ்டேப் வரியிலேயே அந்தப் பயனரின் யுஐடியை (பயனர் எண்ணை) கொடுங்கள். டிஸ்க்கில் ஒன்றும் இல்லையென்றால் லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவுக்கு மாற்றிவிடுவதே எனக்குப் பிடித்த வழி.

மூடி விஷயம் சுலபம். லாகின்டி.கான்ஃப் கோப்பில் ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச் என்ற வரியின் முன்னாலுள்ள # குறியை எடுத்துவிட்டு 'இக்னோர்' என்று போட்டு, ஒருமுறை ரீபூட் செய்யுங்கள்.

கேள்வி: டோரண்ட் ஓடினால் பகலில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு திணறுகிறது. இரவில் மட்டும் முழு வேகத்தில் ஓட விட முடியுமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: டிரான்ஸ்மிஷன் என்றால் முடியும். மேலே சொன்ன அதே செட்டிங்ஸ் கோப்பில் 'ஆல்ட்-ஸ்பீடு' என்று தொடங்கும் வரிகள் வரிசையாக இருக்கும். 'டைம்-எனேபிள்டு' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். தொடங்கும் நேரம் 540, முடியும் நேரம் 1020 என்று விசித்திரமாக இருக்கும். நள்ளிரவிலிருந்து எத்தனையாவது நிமிடம் என்ற கணக்கு அது: காலை 9 மணி, மாலை 5 மணி. காலை 6 முதல் இரவு 10 வரை வேகம் குறைய வேண்டுமானால் 360, 1320 என்று கொடுங்கள். அந்த நேரத்துக்கான வேகம் இரு பக்கமும் 50 கிலோபைட் என்று முதலிலேயே இருக்கும், அது போதும். வகுப்பைத் திணறடிப்பது பெரும்பாலும் இறக்கம் அல்ல, ஏற்றம். இரவிலும் அப்லோடுக்கு ஒரு வரம்பு வையுங்கள்.

கேள்வி: டிரான்ஸ்மிஷனுக்காக ரூட்டரில் 51413 போர்ட்டைத் திறந்துவிட்டேன். ஆனாலும் 'போர்ட் மூடியிருக்கிறது' என்றே வருகிறது.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ரூட்டரின் வேன் (WAN) முகவரியை, அதாவது இணையப் பக்கத்து முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் ரூட்டரில் எதைத் திறந்தாலும் வெளியே தெரியாது. இறக்குவது நடக்கும், ஏனென்றால் மற்றவர்களை நீங்கள்தான் கூப்பிடுகிறீர்கள். உங்களைப் போலவே அடைபட்டுக் கிடக்கும் இன்னொருவரோடு மட்டும் பொதுவாக இணைப்பு கிடைக்காது. டெபியன் ஐஎஸ்ஓ போலப் பலர் பகிரும் கோப்புக்கு இது ஒரு குறையே இல்லை. நீங்கள் மட்டுமே பகிரும் கோப்பென்றால் ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய மாறாத பொது முகவரி) கேளுங்கள், தனிக் கட்டணம் இருக்கலாம். அதற்கு முன் இணைப்பில் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ரூட்டர் ஃபயர்வாலில் ஐபிவி6 பக்கம் அதே போர்ட்டை அனுமதித்தால் போதும்.