புது டப்பா வாங்கினால் பழைய களை சாகுமா?

கேள்வி: நெல்லுக்கு மூன்று வருஷமாக பிஸ்பைரிபேக் சோடியம் என்ற களைக்கொல்லியைத்தான் அடிக்கிறேன். முதல் வருஷம் குதிரைவாலிப் புல் சுத்தமாகக் காய்ந்தது, இந்த முறை பாதிக்கு மேல் பச்சையாகவே நிற்கிறது. மருந்து போலியோ என்று சந்தேகம். கடைக்காரர், பெனாக்சுலம் உள்ள வேறு கம்பெனி மருந்து வந்திருக்கிறது, விலை கூடத்தான், ஆனால் கேட்கும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: காசு இப்போதைக்குப் பையிலேயே இருக்கட்டும். முதலில் வயலில் இறங்கி, எது பிழைத்திருக்கிறது என்று பாருங்கள். மருந்து போலியென்றால் எல்லாக் களையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தப்பியிருக்கும். மற்ற களைகள் ஒழுங்காகச் செத்து, குதிரைவாலியிலேயே ஒன்று காய்ந்து கிடக்க, அதை ஒட்டி நிற்கும் இன்னொன்று இலைகூட வாடாமல் இருந்தால், எதிர்ப்புத்திறன், அதாவது அந்த மருந்தைத் தாங்கும் சக்தி, களைக்கு வந்துவிட்டது என்றே சந்தேகப்படுங்கள். மண் காய்ந்து புல் வாடியிருந்தபோது அடித்தீர்களா, புல் முற்றிய பிறகு அடித்தீர்களா என்பதையும் யோசியுங்கள், அப்போது நல்ல மருந்தும் சரியாகக் கேட்காது.

எதிர்ப்புத்திறன்தான் என்றால் கடைக்காரர் சொல்லும் மருந்து பெரும்பாலும் வீண் செலவு. பெயர் வேறு, ரசாயனமும் வேறுதான், ஆனால் இரண்டும் செடிக்குள் ஏ.எல்.எஸ். என்ற ஒரே நொதியைத்தான் அடைக்கின்றன. களை பூட்டை மாற்றிவிட்டது, நீங்கள் பழைய பூட்டுக்கே இன்னொரு சாவி வெட்டி வாங்கப் பார்க்கிறீர்கள். களைக்கொல்லிகளைச் செயல்படும் விதத்தை வைத்து எண் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள், சில நாடுகளில் லேபிளிலேயே அந்த எண் இருக்கும். இந்த இரண்டு மருந்துக்குமே எண் 2. சைஹாலோஃபாப் என்ற களைக்கொல்லிக்கு 1, களை முளைக்கும் முன் போடும் பிரெடிலாக்ளோருக்கு 15. பிராண்டை விடுங்கள், இந்த எண்ணைக் கேளுங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: சில களைகள் மருந்தை உள்ளேயே சிதைத்துவிடும், அவை இதுவரை அடிக்காத மருந்துக்கும் தப்பலாம். அதனால் எண் மாறினாலும் முதலில் சின்ன பாக்கெட் வாங்கி ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள். டோஸை இரட்டிப்பாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் பயிர்தான் அடிவாங்கும்.

கேள்வி: பக்கத்து வயலிலும் இதே புல்தான் நிற்கிறது, அவருக்கு மகசூல் அவ்வளவு குறையவில்லையே! எதிர்ப்பு வந்த புல் பயிரைவிட பலசாலி இல்லையா?

பதில்: இல்லை. மருந்தைத் தாங்குவது வேறு, பயிரோடு மல்லுக்கட்டுவது வேறு. டிரையசின் வகை மருந்தைத் தாங்கும் களைகள் பலவற்றில், தாங்க உதவும் அதே மாற்றம் ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது, மருந்து அடிக்காத இடத்தில் அவை பின்தங்கிவிடும். ஏ.எல்.எஸ். மாற்றங்களில் பலவற்றுக்கு அப்படிப் பெரிய இழப்பு கிடையாது, எனவே மருந்தை நிறுத்தினால் தானாகப் போய்விடும் என்று காத்திருக்காதீர்கள்.

யார் முந்துகிறார்கள் என்பதை நிலைமைதான் தீர்மானிக்கிறது. குதிரைவாலி சோளம் மாதிரி சி4 வகை, அதாவது வெயிலிலும் சூட்டிலும் ஒளிச்சேர்க்கையை நன்றாகச் செய்யும் வகை; நெல் சி3, அந்த நிலைமையில் அவ்வளவு திறமை இல்லாத வகை. நல்ல வெயில், சூடு, தண்ணீர்த் தட்டுப்பாடு என்றால் நெல் தடுமாறும்போது புல் ஒரே தாவாகத் தாவிவிடும். ஆரம்பத்திலிருந்தே தண்ணீர் கட்டி, பயிர் அடர்த்தியாகி நிழல் விழுந்துவிட்டால் அதே புல் திணறும். களை நிற்கும்போது யூரியா போட்டால் புல்லுக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு! கோதுமையில் காட்டு ஓட்ஸ் என்றால் இரண்டுமே சி3, அங்கே வெயில் கணக்கு இப்படி உதவாது, யார் முதலில் முளைத்தார்கள், பயிர் எவ்வளவு நெருக்கம் என்பதே முக்கியம்.

அதனால் அந்தக் காசை விதையில் போடலாம்: சீக்கிரம் படர்ந்து நிலத்தை மூடும் ரகம், களை விதை கலக்காத சான்று பெற்ற விதை. குதிரைவாலி விதைநெல்லோடு சேர்ந்தே வந்துவிடும், இளசில் நெல் மாதிரியே இருப்பதால் கண்ணையும் ஏமாற்றும். அப்புறம், இப்போது தப்பி நிற்பதைக் கதிர் முற்றுமுன் பிடுங்கி வயலுக்கு வெளியே போட்டுவிடுங்கள், ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும்.