‘நாற்பதுகளின் ஹவாய் சட்டை’ என்கிறார் தரகர்: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் வசிக்கிறேன். பூவும் தென்னையும் அச்சிட்ட ரேயான் சட்டை ஒன்றை, 1940களில் ஹவாயில் தைத்த அசல் என்று சொல்லி ஒரு தரகர் 600 டாலருக்குத் தருகிறார். பாதிப் பணம் முன்பே வேண்டுமாம். காலரில் ஹவாய் நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்கு பெயரில் லேபிள், கொட்டாங்கச்சிப் பட்டன்கள். உள்ளே பக்கவாட்டுத் தையலில் ஆறு இலக்க ஆர்.என். எண்ணோடு ஒரு சின்னச் சீட்டும் இருக்கிறது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் சின்னச் சீட்டு ஒன்றே போதும்.

ஆர்.என். என்பது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆடை நிறுவனங்களுக்குத் தரும் பதிவு எண். இந்த முறை வந்ததே 1952இல். 1959 முதல் கொடுத்த எண்கள் 13670இல் தொடங்கி ஏறிக்கொண்டே போகின்றன. ஆறு இலக்க எண்ணோடு விற்பனைக்கு வந்த சட்டை நாற்பதுகளுடையதாக இருக்க வழியே இல்லை. ‘சீட்டைப் பிற்பாடு யாரோ வைத்துத் தைத்தார்கள்’ என்று தரகர் சமாளிப்பார். பழைய சட்டைக்கு யார் வேலை மெனக்கெட்டுப் பதிவு எண் தைப்பார்கள்?

கமிஷனின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள், இலவசம்தான். ஆனால் அங்கே நிறுவனத்தின் பெயர் கிடைக்குமே தவிர, சட்டை தைத்த ஆண்டு கிடைக்காது. முகவரி மாறிய நிறுவனங்களின் பழைய விவரமே அப்படியே கிடப்பதும் உண்டு. ஒரு அரசு அமைப்பு இதை ஒழுங்காகப் பராமரித்தால் பாதி ஏமாற்று நின்றுவிடும். இணையச் சந்தைகளோ இருபது வருடம் கடந்த எதையும் ‘விண்டேஜ்’ பட்டியலில் ஏற்றிக்கொள்கின்றன. சரிபார்க்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில்.

இதே போல இன்னும் இரண்டு எல்லைக்கோடுகள் உண்டு. லேபிளில் ஐந்து இலக்க ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் 1963க்குப் பிந்தியது. துவைக்கும் முறை சொல்லும் நிரந்தரச் சீட்டு 1972 ஜூலையில்தான் கட்டாயமானது. ஹவாய் சட்டைக்கே இன்னொரு பெயர் அலோஹா சட்டை. ‘1920களின் அலோஹா சட்டை’ என்று யாராவது சொன்னால் பேச்சையே நிறுத்திவிடுங்கள். ஹொனலுலுவில் முசா-ஷியா கடை ‘அலோஹா’ சட்டை 95 சென்ட் முதல் என்று விளம்பரம் கொடுத்தது 1935இல். அதே ஊர் வணிகர் எல்லரி சுன் அந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது அதற்கும் பிறகு.

காலர் லேபிளைக் கண்டு மயங்காதீர்கள். நீச்சல் வீரர் டியூக்கின் பெயரை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நிறுவனங்கள் பயன்படுத்தியிருக்கின்றன. ஜப்பானில் சன் சர்ஃப் போன்ற பிராண்டுகள் பழைய டிசைன்களை அப்படியே மறுபதிப்பாக, மறுபதிப்பு என்று நேர்மையாகச் சொல்லியே தைத்து விற்கின்றன. இடையில் கைமாறும்போதுதான் லேபிள் பிரிக்கப்பட்டு வேறொன்று ஏறுகிறது. காலர் கண்ணி, படுக்கைவாட்டுக் காஜா, கொட்டாங்கச்சிப் பட்டன், பாக்கெட்டில் ஓவியம் பிசிறில்லாமல் பொருந்துவது எல்லாமே மறுபதிப்பிலும் இருக்கும். அவற்றை வைத்துக் காலம் சொல்ல முடியாது.

லேபிளின் நான்கு ஓரங்களையும் மிக நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லேபிளுக்கு வெளியே துணியில் வரிசையாக வெற்று ஊசித் துளைகள் தெரிந்தால், அங்கே வேறு லேபிள் இருந்திருக்கிறது. துணி வெளுத்திருக்க, லேபிள் நூல் மட்டும் பளபளத்தாலும் அதே சந்தேகம்தான்.

புற ஊதா டார்ச் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலரும் தவறுவது இங்கேதான். இருட்டில் அடித்தால் இன்றைய பாலியெஸ்டர் நூல் பெரும்பாலும் நீலமாக ஒளிரும். பழைய பருத்தி நூல் ஒளிராது. ஆனால் அசல் பழைய சட்டையை இன்றைய சலவைத் தூளில் ஒரு முறை துவைத்திருந்தாலும், அதிலுள்ள வெண்மையூட்டி ஒட்டிக்கொண்டு முழுச் சட்டையும் ஒளிரும். ஆகவே துணியும் நூலும் சேர்ந்து ஒளிர்ந்தால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. துணி இருண்டிருக்க, நூல் மட்டும் ஒளிர்ந்தால் அந்தத் தையல் புதிது. அப்போதும் எந்தத் தையல் என்று பாருங்கள். ஒரு பட்டனில் மட்டும் என்றால் பழுது பார்த்திருப்பார்கள். தோள், பக்கவாடு, ஓர மடிப்பு என எல்லாத் தையலும் ஒளிர்ந்தால் சட்டையே புதிது.

துணியையும் திருப்பிப் பாருங்கள். வெளியே பளிச்சென்றும் உள்ளே கிட்டத்தட்ட வெள்ளையாகவும் இருந்தால் இன்றைய டிஜிட்டல் அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய சாயம் ரேயானில் ஊடுருவி மறுபக்கம் வரை வந்திருக்கும். வெளியே மங்கல், உள்ளே பளிச் என்றால் அது 1960களில் ரெயின் ஸ்பூனர் என்ற ஹவாய் நிறுவனம் பிரபலமாக்கிய தலைகீழ் அச்சு முறை, அது குறையல்ல.

உங்கள் தரகர் சொன்ன காலம் பொய்த்துவிட்டது, பேரம் பேசாதீர்கள். வேறொன்று வாங்கும்போதும் முன்பணம் கொடுக்காதீர்கள். நண்பருக்கு அனுப்புவது போன்ற பணப் பரிமாற்ற வழியைக் கேட்டால் மறுத்துவிடுங்கள், அதில் பணம் திரும்பாது. கிரெடிட் கார்டில் செலுத்துங்கள். ‘1940கள்’ என்பதையும் திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.