கல்லீரலில் ‘செகண்டரீஸ்’: எழுபது வயதுக்கு மேல் பயாப்ஸி தேவையா?

எழுபது வயதைக் கடந்த உங்கள் தாயாரின் கல்லீரலில் ‘செகண்டரீஸ்’ (வேறிடத்திலிருந்து பரவிய புற்றுக்கட்டிகள்) இருப்பதாக ஸ்கேன் காட்டுகிறது, மூலக்கட்டி எங்கே என்று தெரியவில்லை, இந்த வயதில் பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். 73 வயதில் என் தந்தைக்கு இதே நிலை வந்தபோது உடனிருந்தவன் என்ற முறையில், உடல் தாங்குமானால் அவசியம் எடுங்கள் என்பேன்.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் அப்பாவுக்கு முகமும் கழுத்தும் சூடேறும். மாநிறம் என்பதால் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அம்மாதான் காதைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலா என்பார். நாளுக்கு ஐந்தாறு முறை வயிற்றுப்போக்கும் இருந்தது. முதலாவதற்கு ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினையும், இரண்டாவதற்குச் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினையும் காரணம் காட்டினார்கள். அந்தப் பக்கவிளைவுகள் உண்மையிலேயே உண்டு என்பதால் இரண்டு ஆண்டுகள் எவருக்கும் ஐயம் எழவில்லை.

சி.டி. ஸ்கேனில் கல்லீரல் முழுவதும் கட்டிகள் தெரிந்தபோது, வயதானவரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றார் ஒரு மருத்துவர். இன்னொருவரோ, “சூடேறும்போது வியர்க்குமா?” என்று மட்டும் கேட்டார். வியர்ப்பதில்லை. சிறுகுடலில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவாகும் கட்டி) செரோடோனின் போன்ற பொருட்களைச் சுரந்தாலும், குடலிலிருந்து வரும் ரத்தத்தில் உள்ளதைக் கல்லீரல் பெரும்பாலும் சிதைத்துவிடும் என்றும், கட்டி கல்லீரலுக்கே பரவிய பிறகு அவை நேரடியாகப் பொது ரத்த ஓட்டத்தில் கலப்பதால்தான் இந்த வியர்வையற்ற சூடும் வயிற்றுப்போக்கும் வருகின்றன என்றும் அவர் விளக்கினார்.

முதலில் 24 மணி நேரச் சிறுநீரில், செரோடோனின் சிதைந்து உண்டாகும் 5-ஹெச்ஐஏஏ என்ற பொருளின் அளவைப் பார்க்கும் பரிசோதனை. அவற்றிலும் செரோடோனின் இருப்பதால், அதற்கு முன் மூன்று நாட்கள் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி கூடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பூவன்பழம் இல்லாமல் அப்பாவுக்குத் தூக்கம் வராது. இரண்டாம் நாள் இரவு எங்களுக்குத் தெரியாமல் தின்றுவிட்டதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். அந்தச் சிறுநீர்க் கேனை ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்கு அருகில் வைக்க அம்மா இறுதிவரை சம்மதிக்கவில்லை. ஐஸ் பெட்டி வாங்கினோம்.

ஊசி வழியாக எடுத்த பயாப்ஸியில் இவ்வகைக் கட்டியை அடையாளம் காட்டும் சினாப்டோபைசின், குரோமோகிரானின் என்ற புரதங்கள் இரண்டும் பாசிட்டிவ். செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67 குறியீடு 2 சதவீதம். அது 3 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் முதல் தரம், மெதுவாக வளர்வது என்று பொருள். இவ்வகைக் கட்டிகளைச் சாதாரண பெட் ஸ்கேன் தவறவிடக்கூடும் என்பதால் இக்கட்டிகளில் போய் ஒட்டும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் காலியம்-68 டோட்டாடேட் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுகுடலின் கடைப்பகுதியில் சிறியதொரு மூலக்கட்டி தெரிந்தது. செரோடோனின் இதயத்தின் வலப்பக்க வால்வுகளைக் கெடுக்கும் என்பதால் எக்கோவும் பார்த்தார்கள். இப்போது கட்டியின் சுரப்பை அடக்க 28 நாட்களுக்கு ஒருமுறை ஆக்ட்ரியோடைடு ஊசி. வயிற்றுப்போக்கு பெருமளவு அடங்கியிருக்கிறது.

உங்கள் தாயாருக்கு இருப்பது வேறு வகையாகவும் இருக்கலாம். ஆனால் அவருக்கும் இப்படிச் சூடேறுவது உண்டென்றால், அதை பயாப்ஸிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இத்தகைய கட்டியில் ஊசி படும்போதும் மயக்கமருந்து கொடுக்கும்போதும் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு மாறக்கூடும். தெரிந்திருந்தால் மருந்துடன் தயாராக இருப்பார்கள்.