ஜோ காக்கர்: பிறர் பாட்டைப் பாடியவரா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ராக் இசை பற்றிய கட்டுரையில் பிரிட்டிஷ் பாடகர் ஜோ காக்கரைப் பெரிய கலைஞர் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய புகழ்பெற்ற பாட்டுகள் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியவை. 1969-இல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் இசைவிழா வீடியோவில் கையை உதறிக்கொண்டு பாடுவதும் எனக்கு மிகையாகத் தெரிகிறது. நல்ல குரல் மட்டும் இருந்தால் போதுமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. ஆனால் காக்கர் ஒரு பாட்டை எடுத்தால், அதைப் பாடுகிற ஆளையே வேறு ஆளாக்கிவிடுவார்.

பீட்டில்ஸின் ‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃபிரண்ட்ஸ்’ 1967-இல் வந்தது. துள்ளலான நடை. குழுவின் தோழர்கள் கேள்வி கேட்க, டிரம்மர் ரிங்கோ ஸ்டார் சாவகாசமாகப் பதில் சொல்கிறார். நண்பர்கள் கைவிடமாட்டார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த வருடம் காக்கர் அதே பாட்டின் வேகத்தை வெகுவாகக் குறைத்து, தாளத்தையும் மாற்றினார். ஆர்கன் மெல்லத் தொடங்க, ஜிம்மி பேஜின் கிதார் அதைக் கிழித்துக்கொண்டு நுழைகிறது. இப்போது கேள்வி கேட்பவர்கள் பின்னணிப் பாடகிகள், ஒரு தேவாலயக் குழுவைப் போல. வரிகள் ஏறக்குறைய அவையேதான். ஆனால் இங்கே பதில் சொல்பவனுக்கு உதவி வராவிட்டால் அந்த இரவைத் தாண்ட முடியாது. 1968 நவம்பரில் அது பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது.

கைகளைப் பற்றிக் கேட்டீர்கள். மேடையில் அவர் விரல்கள் அங்கே இல்லாத பியானோவையும் கிதாரையும் வாசிக்கின்றன. வீடியோவை மறுபடி பாருங்கள், அசைவு முழுக்க இசைக்குழுவோடேயே போகிறது. நடிப்பவரால் அப்படி முடியாது.

1970-இல் இசைக்கலைஞர் லியான் ரஸ்ஸல் திரட்டிய பெரிய குழுவோடு போன அமெரிக்கப் பயணம் காக்கரை உடைத்துப்போட்டது. அப்புறம் குடி. அந்தக் காலத்தில்தான் பில்லி பிரெஸ்டனின் ‘யூ ஆர் சோ பியூட்டிஃபுல்’ பாட்டைப் பதிவு செய்தார். பிரெஸ்டன் பாடியது இதைவிட வேகமானது. காக்கரின் பதிவில் கடைசிச் சுரத்தில் குரல் உடைகிறது. அதைத் திருத்தாமல் விட்டதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஜெனிஃபர் வார்ன்ஸோடு 1982-இல் பாடிய ‘அப் வேர் வி பிலாங்’ ஆஸ்கர் வாங்கிய சினிமாப் பாட்டு. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் அவர் மாற்றிப் போட ஒன்றும் இல்லை. 1987-இல் ‘அன்செயின் மை ஹார்ட்’ பாடினார். அது அவர் ஆதர்சமாக நினைத்த ரே சார்லஸின் பாட்டு. அதையே எடுத்துத் தன் பாட்டாக்கும் துணிச்சல் 43 வயதிலும் அவரிடம் இருந்தது.