தலைப்பிரசவம் முடிந்து தாய்வீடு வந்த மகளுக்கு ராத்திரித் தூக்கமே இல்லை. குழந்தையை எப்படித் தூங்க வைப்பது?

கேள்வியில் நீங்க சொல்லியிருப்பது இது: கோபிச்செட்டிபாளையம் பக்கம் வீடு. மகளுக்குச் சிசேரியன், இன்றோடு 12 நாள். பேரன் பகலெல்லாம் அசந்து தூங்குகிறான், ராத்திரி பத்து மணிக்கு மேல் கொட்டக் கொட்ட முழிக்கிறான். "பால் பத்தலீங்க, பவுடர் பால் குடுங்க" என்று ஒருவர் சொல்கிறார், "ஜாதிக்காய் உரசி ஊத்துனாத் தூங்கிரும்" என்று இன்னொருவர். மகள் நான்கு நாளாகச் சரியாகத் தூங்காமல், தொட்டதற்கெல்லாம் அழுகிறாள். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை, ஞாயிறு மட்டும் வருகிறார்.

12 நாள் குழந்தையை ராத்திரி முழுக்கத் தூங்க வைக்க யாராலும் ஆகாது. உங்கள் வீட்டால் முடிகிற காரியம், மகளைத் தூங்க வைப்பது. ஒரு நாளில் ஒரு தடவையாவது இடைஞ்சல் இல்லாமல் நான்கு மணி நேரம் அவள் தூங்கினால் பால், புண், மனசு எல்லாமே தேறும். அதனால் குழந்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் துண்டு துண்டாக. இரைப்பை சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும், அதனால் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கேட்கும். இரவு பகல் தெரியும் உடம்புக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும். இப்போது அவனுக்கு நடுச்சாமமும் நடுமதியமும் ஒன்றுதான்.

பால் பத்துகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீங்க, துணியை வைத்துப் பாருங்க. ஐந்தாம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் வெளுப்பாக மூத்திரம் போக வேண்டும். மலம் கடுகு அரைத்த மாதிரி மஞ்சளாக, இளக்கமாக இருக்க வேண்டும். பிறந்த இரண்டு மூன்று நாளில் எடை கொஞ்சம் குறையும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அப்புறம் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் ஏறினால் பால் தாராளமாக இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ எடை போட்டுப் பாருங்க. ஆறு தடவை போகவில்லை, எடை ஏறவில்லை என்றால் அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் போக வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் ராத்திரி முழிப்புக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. தேவையில்லாமல் ராத்திரி பவுடர் பால் கொடுத்தால் அந்த வேளை மார்பு காலியாகாது. பால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும், அப்புறம் நிஜமாகவே பத்தாமல் போகும். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதலாக ஊறும்.

"எங்க கொளந்தை அழுகறதே இல்லீங்க, தூங்கிட்டே இருக்குது" என்று சந்தோஷப்படுகிற வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். பாலுக்குக்கூட எழாத தூக்கம் நல்ல தூக்கம் இல்லை. மஞ்சள் காமாலை கூடினாலும், கிருமித் தொற்று இருந்தாலும் குழந்தை அப்படித்தான் சோர்ந்து கிடக்கும். எடை திரும்பும் வரை பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேலும் ராத்திரியில் நான்கு மணி நேரத்துக்கு மேலும் தூங்க விடாமல், உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். மஞ்சள் வயிற்றைத் தாண்டிக் காலுக்கு இறங்கினால் வெயிலில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீங்க, அதே நாள் ஆஸ்பத்திரி.

ஜாதிக்காய், வசம்பு, மாசிக்காய் உரைத்த மருந்து, கிரைப் வாட்டர், தேன், சேனைத்தண்ணி எதுவுமே வேண்டாம். ஜாதிக்காயில் தூங்குவது மயக்கம். மூச்சும் சேர்ந்து மட்டுப்படலாம். தேனில் பொட்டுலிசம் என்ற கடும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்து இருக்கலாம் என்பதால் ஒரு வயது வரை ஆகாது. உரைகல்லும் அதில் ஊற்றும் தண்ணீரும் வயிற்றுப்போக்குக்கு வழி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். வசம்பை வளையலாகக் கட்டினாலும் வாயில் வைத்துச் சப்பும் வயது வந்துவிடும், அதையும் தவிர்த்துவிடுங்க.

இனி ராத்திரி. வீட்டில் மூன்று பேர் இருந்தால் போதும், முறை வைக்கலாம். எட்டரை மணிக்கு மகள் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, ஒன்பதுக்குள் இரண்டு பக்கமும் பால் கொடுத்துவிடட்டும். அங்கிருந்து குழந்தை அம்முச்சியான உங்கள் பொறுப்பு, வேறு அறையில். மகள் படுத்த அறையில் தொட்டில், குழந்தையின் கொசுவலை, பார்க்க வந்த ஆள் ஒன்றும் இருக்கக் கூடாது. குழந்தை அனத்துகிற சத்தம் காதில் விழுந்தாலே தாய்க்குத் தூக்கம் கலையும், பக்கத்தில் படுத்தபடி "நீ தூங்கு அம்முணி, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்வதில் பிரயோஜனமில்லை. பதினொன்றரை, பன்னிரண்டுக்குப் பாலுக்கு அழுதால் துணி மாற்றி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் வையுங்க. அவள் எழுந்து உட்காரவே வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து, முதுகுக்கும் இரண்டு முழங்காலுக்கு நடுவிலும் தலையணை கொடுத்து, தையலில் குழந்தையின் கால் படாமல் பால் கொடுக்கலாம். 20 நிமிஷம் நீங்க பக்கத்தில் முழித்து உட்கார்ந்திருக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. குடித்ததும் குழந்தையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துங்க. தோளில் போட்டு ஐந்து பத்து நிமிஷம் முதுகை நீவினால் போதும். ஏப்பம் வராவிட்டால் விட்டுவிடலாம், எல்லாக் குழந்தைக்கும் எல்லா வேளையும் வராது.

இப்படிச் செய்தால் மகள் ராத்திரியில் முழிப்பது பால் கொடுக்கும் நேரம் மட்டும். துணி மாற்ற, ஏப்பம் எடுக்க, ஆட்ட என்று போகிற ஒன்றரை மணி நேரம் மிச்சம். இதை முதல் மூன்று வாரம் ஓட்டுங்க. அப்புறம் பால் நன்றாக ஊறிவிட்டால், எவர்சில்வர் டம்ளரைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து எடுத்து, சாயங்காலம் ஒரு வேளைத் தாய்ப்பாலை அதில் கையாலேயே பீய்ச்சி எடுத்து, மூடி பிரிட்ஜில் வைத்து, நடுச்சாமத்துக்கு டம்ளரைச் சுடுதண்ணிக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கிப் பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கொடுக்கலாம். நிமிர்த்திப் பிடித்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டில் வைத்து, குழந்தை உறிஞ்சுகிற வேகத்துக்குச் சாய்க்க வேண்டும், வாய்க்குள் ஊற்றக் கூடாது. எடுத்த பாலை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்க. அந்த ஒரு வேளைதான் அவளுக்கு முழு நான்கு மணி நேரத் தூக்கத்தைத் தரும்.

விடியற்காலை நான்கு மணிக்கு மேல் அப்புச்சியின், அதாவது மகளுடைய அப்பாவின் முறை. தோட்டத்து வீட்டில் அவருக்கு அப்போதே முழிப்பு வந்துவிடும். கறவைக்குப் போய்க் கட்டுத்தரையிலிருந்து வந்தால் சட்டை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு குழந்தையைத் தொடட்டும். மாப்பிள்ளை சனிக்கிழமை ராத்திரியே வந்து முழு ராத்திரியும் எடுத்துக்கொள்ளட்டும். விருந்தாளி மாதிரி கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுவது சரியில்லை. சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் மகள் சொல்லட்டும்.

முழித்துவிட்டது என்று நினைத்துத் தூங்குகிற குழந்தையைத் தூக்கிவிடுவதுதான் பல வீட்டில் நடக்கிற தப்பு. புதுக்குழந்தையின் தூக்கத்தில் பாதி, ஆட்டமுள்ள தூக்கம். உற்றுப் பாருங்க: இமைக்குள் கண் உருளும், உதடு சப்புக் கொட்டும், முகம் சிவக்கும், காலை வயிற்றோடு மடக்கி முக்கும், பூனை மாதிரி ஒரு சத்தம் வரும். கண் மூடியிருந்தால் கை வைக்காமல் இரண்டு நிமிஷம் பொறுங்க, பாதிக்குப் பாதி அப்படியே அடங்கும். அதேபோல் கையில் தூங்கியதும் உடனே கீழே கிடத்தினால் விழுக்கென்று முழிக்கும், ஏனென்றால் முதல் 20 நிமிஷம் ஆட்டத் தூக்கம்தான். கையை லேசாகத் தூக்கி விடுங்க. துணி மாதிரித் தொப்பென்று விழுந்தால் ஆழ்ந்துவிட்டது. அப்போது முதலில் பிட்டம், பிறகு முதுகு, கடைசியாகத் தலை என்று இறக்கி, நெஞ்சில் ஒரு கையை ஒரு நிமிஷம் வைத்திருந்து எடுங்க.

படுக்கை: பாய் மேல் பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து, மேலே இறுக்கமாக ஒரு பருத்தித் துணி. மல்லாக்கத்தான் படுக்க வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை, கடுகுத் தலையணை, முகத்தருகே போர்வை எதுவும் கூடாது. மண்டை உருண்டையாக வர, முழித்திருக்கும்போது ஆள் பார்க்கக் குப்புறப் போட்டும், தலையை ஒரு நாள் வலம் ஒரு நாள் இடம் திருப்பியும் வந்தால் போதும். சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு பெரியவர்கள் கண்ணயரவே கூடாது, மூச்சு முட்டும் விபத்து அங்கேதான் அதிகம்.

சேலைத் தொட்டில் கட்ட வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டீங்க, ஆகவே கட்டுகிற முறையைச் சொல்கிறேன். பழைய பருத்திச் சேலை. பாலியெஸ்டர் முடிச்சு வழுக்கும். விட்டத்துக் கொக்கியில் முதலில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் போட்டால், அது அறுந்தாலும் தாங்குகிற மாதிரி பக்கத்திலேயே ஒரு கயிறும் சேர்த்துக் கட்டுங்க. துணி முகத்தில் ஒட்டாமல் இருக்கக் குறுக்கே கட்டை கொடுத்து விரிக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரம் வேண்டாம், கீழே ஜமுக்காளம். தொட்டிலின் பெரிய கெடுதல், நடுவில் குழிந்து தாடை நெஞ்சில் பதிவது. மூச்சுக்குழல் மடங்கினால் குழந்தை சத்தமே போடாது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். ஆள் முழித்து ஆட்டும்போது மட்டும் தொட்டில். தூங்கியதும் பாய்க்கு மாற்றிவிடுங்க. எடை 2.5 கிலோவுக்குக் குறைவு, குறைப்பிரசவம் என்றால் தொட்டிலே வேண்டாம்.

சித்திரை வெயிலிலும் சன்னலைச் சாத்தி, குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டு வைக்கிற வழக்கத்தை விடுங்க. நமக்கு ஒரு சட்டை என்றால் குழந்தைக்கு அதோடு ஒரு மெல்லிய துணி கூடுதல். பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்க: வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்க. ஃபேன் போடலாம், நேராக மூக்கில் அடிக்காமல். ஆடிக் காற்றில் சில்லென்று இருந்தால் தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோலாக அணைத்து வைப்பதே நல்ல சூடு. சாம்பிராணிப் புகை மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம், குழந்தையின் மூச்சுக்குழல் ரொம்பச் சின்னது.

காலை ஆறரைக்குச் சன்னலைத் திறந்து வெளிச்சம் விடுங்க. பகலில் கிரைண்டர், மிக்ஸி சத்தத்துக்கு நடுவிலேயே தூங்கட்டும். ராத்திரி பாலுக்கு ஜீரோ வாட் பல்பு மட்டும், கொஞ்சல் வேண்டாம். இரண்டாம் மாதத்தில் வித்தியாசம் தெரியும். சாயங்காலம் ஐந்திலிருந்து பதினொன்று வரை விடாமல் பால் கேட்டு அழுவது ஆறாவது வாரம் வரை கூடி, அப்புறம் தானே குறையும். திருஷ்டி கழிப்பதென்றால் கழியுங்க, மிளகாயை வாசலுக்கு வெளியே கொண்டுபோய்ச் சுடுங்க.

மகளுக்குத் தண்ணீரைக் குறைக்காதீங்க. "வயிறு பெருத்துரும்" என்று பத்தியத்தில் மடக்குக் கணக்கில் கொடுப்பதால் மலம் இறுகும், தையல் வலிக்கும், மூத்திரக் கடுப்பு வரும். ஒவ்வொரு வேளை பாலுக்கும் ஒரு சொம்பு பக்கத்தில் இருக்கட்டும். பூண்டு, முருங்கைக்கீரை, கருவாடு, முட்டை, நெய் விட்ட அரிசிம்பருப்பு சாதம் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். ராத்திரி இரண்டு மணிப் பசிக்குக் கடலை உருண்டையும் ஃபிளாஸ்கில் பாலும் வைத்துவிடுங்க. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் தொடர வேண்டும்; இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது.

அழுகையைப் பற்றி: முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பெரும்பாலான தாய்களுக்கு உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால், குழந்தை தூங்கும்போதுகூட அவளுக்குத் தூக்கம் வராவிட்டால், சோறு இறங்காவிட்டால், "நான் இருந்து என்ன" என்று வாய்விட்டால் அது நோய். இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சுமார் 22 சதவீதம் தாய்களிடம் இந்த மனச்சோர்வு காணப்பட்டது. "நாங்களெல்லாம் நாலு பெத்தோம்" என்று சொல்லி வாயை அடைக்காதீங்க. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது. இரண்டு மூன்று நாள் தூங்காமலே படபடவென்று இருந்தால், சம்பந்தமில்லாமல் பேசினால், தன்னையோ குழந்தையையோ காயப்படுத்துவது பற்றிப் பேசினால் தனியாக விடாமல் அன்றே மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்க.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனையும் உதிரப்போக்கு, காய்ச்சல், கண் மங்கலோடு தலைவலி, ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீக்கம் என்றால் தாய்க்கு 108. குழந்தைக்குக் கக்கத்தில் 99.5 டிகிரிக்கு மேல் சூடு, உடம்பு சில்லிடுவது, நிமிஷத்துக்கு 60க்கு மேல் மூச்சு, பால் மறுப்பது இதில் எது வந்தாலும் விடியக் காத்திருக்காதீங்க.

பிறந்த எடை, இன்றைய எடை, நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை எத்தனை தடவை மூத்திரம் போனான், மகள் மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்ற நாலையும் எழுதுங்க. முறையை உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் சொல்கிறேன்.