இருத்தலியல் கதைகளில் கனவு எப்படி மனதைக் காட்டுகிறது?

‘எப்படி வாழ்வது, என் செயலுக்கு யார் பொறுப்பு’ என்று தனியாகத் தவிக்கும் மனிதனின் கதைதான் இருத்தலியல் கதை. பகலில் அவன் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்வான். தூக்கத்தில் அது முடியாது. தண்ணீருக்குள் அமுக்கிய பந்து, கை தளர்ந்ததும் மேலே வருமே, அப்படி.

இந்த வகைக்கு முன்னோடியான ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) நாவலையே பாருங்கள். அடகு பிடிக்கும் கிழவியைக் கொல்ல நினைக்கும் ரஸ்கோல்நிகவ், கனவில் ஏழு வயதுப் பையன். குடிகாரர்கள் ஒரு நோஞ்சான் குதிரையை அடித்தே கொல்கிறார்கள். பையன் ஓடிப்போய் ரத்தம் வடியும் அதன் முகத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான். வியர்த்து விழித்தவன், கோடரியை நினைத்து நடுங்குகிறான். நாவலில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இது.

அப்புறம், இந்தக் கனவை வரப்போகும் கொலைக்குச் சகுனமாகப் பலர் படிக்கிறார்கள். அப்படியில்லை: அடிப்பவன், அழும் பையன் இரண்டு பேருமே அவன்தான். கனவுக்குப் பிறகும் அவனால் கொல்லாமல் இருந்திருக்க முடியும்.