படிவத்தில் ஒரு கட்டம்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் எபோலா பரவியிருக்கும் ஒரு நாட்டில் மருத்துவக் குழுவோடு வேலை செய்கிறார். பத்து நாளுக்கு முன் அவர் கையுறை இல்லாமல் தூக்கிவிட்ட ஒருவர் பிறகு எபோலாவில் இறந்துவிட்டார். அண்ணனுக்கு இதுவரை காய்ச்சல் இல்லை. ஊர் திரும்ப டிக்கெட் எடுத்துவிட்டார். விமான நிலையப் படிவத்தில் ‘நோயாளியைத் தொட்டீர்களா’ என்பதற்கு ‘இல்லை’ என்று போட்டுவிடு, உண்மையைச் சொன்னால் பிடித்துவைத்துக்கொள்வார்கள் என்கிறார்கள் நண்பர்கள். எதுவானாலும் நம் கண்முன்னால் ஆகட்டும் என்று அம்மா அழுகிறார். அவர் வருவது தவறா? அந்த நாடுகளுக்கு விமானங்களையே நிறுத்த வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

ர.

அன்புள்ள ர.,

விமானங்களை நிறுத்துவதை விடுங்கள். ஒரு வழியை அடைத்தால் ஜனங்கள் மூன்று நாடு சுற்றி வருவார்கள், புறப்பட்ட இடத்தையும் மறைப்பார்கள். என்னைத் தூங்கவிடாதது அந்த ‘இல்லை’தான்.

நண்பர்கள் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், அம்மா சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அண்ணனிடம் என்ன சொன்னீர்கள்? அதை மட்டும் காணோம்.

2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து ஒருவர் நைஜீரியாவின் லாகோஸில் வந்திறங்கி, விமான நிலையத்திலேயே சரிந்து விழுந்தார். அந்த மாதம்தான் அவருடைய சகோதரி எபோலாவில் இறந்திருந்தார். மருத்துவமனையில் கேட்டபோது, எபோலா நோயாளி யாரோடும் தொடர்பில்லை என்றார். மலேரியா என்றே வைத்தியம் தொடங்கியது. அமேயோ ஸ்டெல்லா அடாடேவோ என்ற மூத்த மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மாநாட்டுக்காக வந்திருந்த அந்த நோயாளியை விடுவித்து அங்கே அனுப்பிவிடச் சொல்லி நெருக்கடி வந்தும் அடாடேவோ அசைந்து கொடுக்கவில்லை. நைஜீரியாவில் நோய் 20 பேரோடு நின்றது. 8 பேர் இறந்தார்கள். ஆகஸ்ட் 19 அன்று இறந்த அடாடேவோ அதில் ஒருவர். அந்த ‘இல்லை’யை நம்பித்தான் செவிலியர்கள் போதிய பாதுகாப்பு இல்லாமல் அந்த நோயாளியின் கையைப் பிடித்து ஊசி ஏற்றினார்கள். சொல்லியிருந்தால் கையுறையும் முகக்கவசமும் முன்கூட்டியே வந்திருக்கும்.

பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொற்றுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எபோலா அறிகுறி தோன்றுமுன் பரவுவதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் லைபீரியாவிலிருந்து டாலஸ் போனவரோடு விமானத்தில் வந்த ஒருவருக்கும் தொற்றவில்லை. ஒரே வீட்டில் இருந்த நான்கு பேருக்கும் இல்லை. நோய் முற்றியபின் அவரைக் கவனித்த இரண்டு செவிலியர்களுக்குத்தான் தொற்றியது. அவர்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. புறப்படும்போது அவரும் படிவத்தில் ‘இல்லை’ என்றுதான் போட்டிருந்தார். லைபீரியாவில் தான் தூக்கிவிட்ட ஒரு கர்ப்பிணிக்கு எபோலா என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். அவர் படுக்கையில் கிடக்கும்போதே லைபீரிய அதிகாரிகள் வழக்குப் போடுவோம் என்றார்கள். அதை என்னால் ஏற்க முடியாது. நோயாளியைக் கூண்டில் ஏற்றினால் அடுத்து வருகிறவர் இன்னும் துணிந்து பொய் சொல்வார். உங்கள் அண்ணனின் நண்பர்கள் பயப்படுவதும் அதற்குத்தானே?

அந்தப் பயம் எனக்குத் தெரியும். 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவிய நாட்களில், வெளிநாட்டில் இருந்த எனக்கு அம்மா படுத்துவிட்டாள் என்று செய்தி வந்தது. எனக்கும் காய்ச்சல். வெப்பக் கேமராவுக்குத் தெரியக்கூடாதென்று இரண்டு பாராசிட்டமால் விழுங்கினேன். ‘காய்ச்சல் உண்டா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டேன். பேனா நடுங்கக்கூட இல்லை. விமானத்தில் பக்கத்தில் ஓர் இளம்பெண், மடியில் கைக்குழந்தை. குழந்தை என் சுட்டுவிரலைப் பற்றிக்கொண்டது. எச்சில் ஈரமான சின்னக் கை. பிறகு அதே கையை வாயில் வைத்துச் சப்பியது, மறுபடி என் விரலைத் தேடியது. நான் விரலை இழுத்துக்கொள்ளவில்லை, ர. இழுத்தால் அந்தப் பெண்ணுக்குக் காரணம் சொல்லவேண்டி வரும். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எனக்கு மூன்று நாளில் சரியாகிவிட்டது. என்ன காய்ச்சல் என்று பரிசோதிக்கவே இல்லை. அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. அம்மாவைப் பார்க்கத்தானே போனேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாசம் என்ற சொல்லை இனி யாரும் என்னிடம் சாக்காகக் கொண்டுவர வேண்டாம். அடாடேவோவுக்கும் ஒரு மகன் இருந்தான்.

அண்ணன் இப்போது வரக்கூடாது. எபோலா நோயாளியோடு தொடர்பில் இருந்தவர் 21 நாள் முடியும்வரை வெளிநாட்டுப் பயணம் செய்யக்கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பத்து நாள் போய்விட்டது. மீதி பதினொரு நாள் அங்கேயே இருக்கட்டும். யாரைத் தொட்டோம் என்பதை இன்றே தன் குழுத்தலைவரிடம் சொல்லட்டும். காலையும் மாலையும் வெப்பம் பார்க்கட்டும். மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டுப் பார்க்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் அங்கே இருப்பவர்களுக்கு அவரை எப்படித் தொடுவது என்று தெரியும். அம்மாவிடம் தினமும் பேசச் சொல்லுங்கள், முகம் தெரியும்படி. அதுவரை அம்மாவோடு நீங்கள் உட்கார்ந்திருங்கள்.

டிக்கெட்டை மாற்றியதும் எனக்கு ஒரு வரி போடுங்கள். இருபத்திரண்டாம் நாள் இன்னொன்று.